ஐந்து பேரா, இருபது பேரா? மாலை வகுப்பு பற்றி

கேள்வி, 9 ஜூன் 2025
பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. எங்கள் ஊர் கொரடாச்சேரிக்குப் பக்கம். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று நானும் என் மனைவியும் நினைக்கிறோம். ஐந்தாறு பேர் போதும் என்கிறாள் அவள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நடத்தப் போவது ஒரே பாடம்தானே? ஐந்து பேருக்கு நடத்துவதை இருபது பேருக்கு நடத்தினால் இருபது பேருக்கும் போய்ச் சேருமே. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன் 2025, இரவு 9.40
வீட்டில் சொல்வதைக் கேளுங்கள் ஐயா. ஐந்தாறு பேர்தான் சரி.

நான் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். என் வீட்டுத் திண்ணைக்கு இப்போது ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். அதற்கு முன்னால், 2022 ஜனவரியிலிருந்து, இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். தினம் ஒன்றரை மணி நேரம், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் வரை. என்னிடம் பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.

அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒன்றரை வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்த பிள்ளைகள் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து பாடினார்கள், விளையாடினார்கள், கதை கேட்டார்கள். ஆனால் ஐந்து மாதம் கழித்து ஒரு நாள், நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி பாடத்தைக் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தாள். கொசு உட்கார்ந்ததென்று அவள் புத்தகத்தின் மேல் கையை வைத்தேன். என் கை இரண்டு வரியை மறைத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. மறைந்த வரியையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். அவ்வளவும் மனப்பாடம். அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, பார்க்காத நாலு வரியைக் கொடுத்துப் பார்த்தேன். பதினெட்டில் ஏழு பேருக்கு வாசிக்க வரவில்லை. ஐந்து மாதமாக என் எதிரில் உட்கார்ந்து கோரஸாகச் சேர்ந்து சொன்ன பிள்ளைகள் அவர்கள். கூட்டத்தின் குரலில் அவர்கள் குரல் எனக்குக் கேட்கவே இல்லை.

ஒன்றரை மணி நேரம் என்றால் 90 நிமிஷம். இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாலரை நிமிஷம். ஆறு பேர் என்றால் பதினைந்து. பாடம் நடத்துவது வேண்டுமானால் இருபது பேருக்கும் போய்ச் சேரும். ஆனால் வாசிப்பு நாம் நடத்துவதால் வருவதில்லை. பிள்ளை வாசிக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் காது கொடுக்க வேண்டும். தினமும்.

10 ஜூன்
நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். முதல் நாள் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

2005-லிருந்து ஏசர் என்ற பெயரில் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வாசிப்பைச் சோதிக்கிறார்கள். பிரதம் அமைப்பு தொடங்கியது. அவர்கள் முறை ஒரே ஒரு தாளில் அடங்கிவிடும். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. பிள்ளை எதுவரை தானாகப் போகிறதோ அதுதான் அதன் நிலை. கணக்கில் ஒற்றை இலக்க எண்ணைப் படிப்பது, இரண்டு இலக்க எண்ணைப் படிப்பது, கடன் வாங்கிக் கழிப்பது, மூன்று இலக்கத்தை ஒரு இலக்கத்தால் வகுப்பது. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் போதும். வீட்டுக் காலண்டர் தாளின் பின்பக்கத்திலேயே பெரிதாக எழுதிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். பரீட்சை என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. "இது உனக்கு வருதா பார்ப்போம்" என்றால் போதும்.

12 ஜூன்
மேட்டூர் இன்றைக்குத் திறந்துவிட்டார்கள். இன்னும் மூன்று நாலு நாளில் கல்லணை, அப்புறம் நம் வாய்க்கால். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நீங்கள் ஐந்து மணிக்கு வகுப்பு என்று போட்டிருக்கிறீர்கள். குறுவை நடவு தொடங்கினால் ஐந்து மணிக்கு உங்கள் திண்ணை காலியாகத்தான் இருக்கும். அம்மா வயலிலிருந்து வரும்வரை தம்பி தங்கையைப் பார்ப்பது யார்? நாலாவது ஐந்தாவது படிக்கிற பெண்பிள்ளைதான். ஆறேகாலுக்கு வையுங்கள். ஏழே முக்காலுக்கு விட்டால், நீங்களே டார்ச் எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள். பெண்பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்புவார்களா மாட்டார்களா என்பது பாதி இதில்தான் இருக்கிறது.

22 ஜூன்
வகுப்பு வாரியாகப் பிரிப்பதா, நிலை வாரியாகப் பிரிப்பதா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நிலை வாரியாகத்தான். அரசுப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் 2022-ல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் தொடங்கினார்கள். எழுத்தே தெரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடத்தை நூறு தடவை நடத்தினாலும் ஏறாது.

25 ஜூன், விடியற்காலை
மூன்று நாளைக்கு முன் எழுதியதைத் திருத்த வேண்டும். நிலை வாரியாக என்று சுலபமாக எழுதிவிட்டேன். அதில் நான் செய்த தவறையும் எழுதியிருக்க வேண்டும்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். அப்போது நான்காவது. எழுத்து நிலை. அதே நிலையில் என்னிடம் இருந்த மற்ற இருவரும் இரண்டாம் வகுப்பு. மூவரையும் ஒரே பாயில் உட்கார வைத்தேன். இரண்டாம் நாளே தெருவில் பையன்கள் அவனை "அரும்பு, அரும்பு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் வரவில்லை. ஒன்பது நாள் வரவில்லை. அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார், அவரைக் கேட்டால் "ஒங்ககிட்டதானக்கா வர்றான்" என்கிறார். பையன் வாய்க்காலில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படிப்பைப் பற்றிப் பேசவில்லை. கெண்டை கிடைக்குமா, குரவை கிடைக்குமா என்று பேசினோம். கிளம்பும்போது, "நாளைக்கு எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி அஞ்சே முக்காலுக்கு வர்றியா? நீ மட்டும்" என்றேன். வந்தான். அன்றிலிருந்து அவனுக்குத் தனியாக அரை மணி நேரம். ஆறேகாலுக்கு மற்றவர்கள் வரும்போது அவன் பாய் விரித்து, விளக்கைப் போட்டு, வகுப்பைத் திறந்துவைக்கிற ஆளாக இருப்பான்.

அவனிடம் பூனை, பந்து என்ற சின்னப் பிள்ளைகள் புத்தகத்தை நீட்டக் கூடாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவன் வீட்டு விதைநெல் பை ஒன்று கிடந்தது. அதில் பெரிய எழுத்தில் "ஆடுதுறை 43" என்று இருந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட பெயர். ஆ, டு, து என்று கூட்டிக்கொண்டே போனவன் நடுவில் நிமிர்ந்து, "ஆடுதுறையா?" என்றான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அப்புறம் பஸ் போர்டு, கபடி நோட்டீஸ், உர மூட்டை, கல்யாண போஸ்டர். இரண்டு மாதம் அதுதான் எங்கள் பாடப்புத்தகம்.

ஆகவே நிலை வாரியாகப் பிரியுங்கள், ஆனால் வயதை மறக்காதீர்கள். நிலையின் பெயரைப் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

6 ஜூலை
"எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா வாசிக்க வரல" என்று நீங்கள் எழுதிய அந்த இரண்டு பிள்ளைகள் பற்றி. இது தமிழில் நிறையவே நடக்கிறது. 247 எழுத்து என்று பயமுறுத்தி எல்லாவற்றையும் அட்டையில் வரிசையாகச் சொல்ல வைத்துவிடுகிறோம். வரிசையைக் கலைத்தால் போச்சு.

வரிசை கலைந்தாலும் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். "பகல்" என்று எழுதிக் காட்டுங்கள். பிள்ளை ப, க, ல் என்று மூன்றையும் அழுத்திச் சொல்லும். சொல்லிவிட்டு முழிக்கும். ஏன்? அட்டையைப் பார்த்து அழுத்திச் சொல்கிற "க" வேறு, "பகல்" என்று பேசும்போது நடுவில் மெலிந்து வருகிற "க" வேறு. கப்பல், பகல், தங்கம் மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி வேறு வேறு. வளர்ந்த நமக்கு இது கண்ணில் படவே படாது. பிள்ளை எழுத்தைச் சரியாகத்தான் சொல்கிறது, சொல்தான் அதன் காதுக்குக் கேட்கவில்லை. "ராத்திரி இல்லாத நேரத்த என்ன சொல்லுவோம்?" என்று கேளுங்கள். "பகலு!" என்று கத்தும். அப்புறம் மறுபடி எழுத்தைக் காட்டுங்கள். வாயில் இருக்கிற சொல்லிலிருந்து தாளில் இருக்கிற சொல்லுக்குப் போக வேண்டும். பாதி பேருக்கு அடைப்பு இங்கேதான்.

அடுத்தது கொம்பு. "கொடி" என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். காதுக்கோ க்-தான் முதலில். பிள்ளை கொம்பையும் க-வையும் சேர்த்து "கெ" என்று பிடித்துக்கொண்டு காலை விட்டுவிடும். "கெடி" என்று வாசிக்கும். நான் ஒரு சின்ன வழி வைத்திருக்கிறேன். கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறக்கக் கூடாது, அந்தப் பக்கம் கால் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் நிஜமாகவே கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள். வாசலில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். "கௌதாரி" வந்தால் மட்டும் எட்டிப் பார்த்தாலும் ஏமாறும். அங்கே நிற்பது ள மாதிரியே இருக்கும், "கெளதாரி" என்று வாசிக்கும். அதை விட்டுப்பிடியுங்கள், அந்த எழுத்து வருகிற சொற்கள் கொஞ்சம்தான்.

எழுதிப் பழக நான் ஆற்றுமணலைத் திண்ணை ஓரத்தில் கொட்டி வைத்திருக்கிறேன். நம் ஊருக்கு இது புதிதில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்துப் படித்தார். தாளில் தப்பு எழுதினால் பிள்ளைக்கு ரப்பர் தேட வேண்டும், கிழிய வேண்டும், அழ வேண்டும். மணலில் ஒரு தடவு தடவினால் தப்பு போய்விடும்.

7 ஜூலை
"மூணு சுழி ண, ரெண்டு சுழி ன" என்று இன்னும் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: சொல்லலாம், ஆனால் பள்ளியில் இப்போது டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று சொல்கிறார்கள். அது உதவுகிறது. ட பக்கத்தில் வருவது ண் (வண்டி), ற பக்கத்தில் வருவது ன் (கன்று), த பக்கத்தில் வருவது ந் (பந்து). பெயரிலேயே விதி இருக்கிறது. சொல்லெழுத்தில் சந்தேகம் வந்தால் பிள்ளை பக்கத்து எழுத்தைப் பார்த்துக்கொள்ளும்.

13 ஜூலை
வாசிக்கும்போது ழகரத்தை உடனே திருத்த வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இவ்வளவு கோபம் வரும் என்று நினைக்கவில்லை. கும்பகோணத்திலிருந்து எழுதிய ஐயா, "வாளப்பளம்" என்று வாசிக்கிற பிள்ளையை அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தாவிட்டால் நீங்கள் என்ன ஆசிரியர் என்று கேட்டிருக்கிறார். ழகரம் மேல் எனக்கும் பிரியம் உண்டு ஐயா. ஆனால் "வாழைப்பழம்" என்று தாளில் பார்த்து "வாளப்பளம்" என்று சொன்ன பிள்ளை அந்தச் சொல்லை வாசித்துவிட்டது. தன் வீட்டுப் பேச்சில் அதைச் சொல்லியிருக்கிறது. அங்கே நிறுத்தினால், திக்கித் திக்கி வந்துகொண்டிருந்த வாக்கியம் அறுந்துபோகும், பிள்ளை அடுத்த சொல்லுக்கு வாயே திறக்காது. வாக்கியம் முடியட்டும். பத்தி முடியட்டும். அப்புறம் நாம் ஒரு தடவை அழகாக வாசித்துக் காட்டலாம்.

13 ஜூலை, இரவு
யோசித்துப் பார்த்தால் அந்த ஐயா சொல்வதில் ஒரு பாதி சரி. கதை நிலைக்கு வந்துவிட்ட பிள்ளையிடம் நானும் திருத்தாமல் விட்டுக்கொண்டிருந்தேன். அது சோம்பல். தடையில்லாமல் வாசிக்கிற பிள்ளைக்கு நாக்கை மடக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். நாளையிலிருந்து செய்கிறேன்.

3 ஆகஸ்ட்
ஆடிப்பெருக்கு. வகுப்பு இல்லை. எல்லாரும் ஆற்றங்கரையில். பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாச்சி பரணிலிருந்து ஒரு பழைய கதைப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் வகுப்புப் பெண் அதைப் பிரித்துவிட்டு, "அத்த, இதுல லை-க்கு தும்பிக்கை இருக்கு" என்றாள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சு. ணை, லை, ளை, னை நாலும் அப்போது அப்படித்தான் இருக்கும். அம்மாச்சி தும்பிக்கை லை எழுதிக் காட்ட, இவள் இப்போதைய லை எழுதிக் காட்ட, அரை மணி நேரம் ஓடிவிட்டது. அம்மாச்சிக்கு எழுபத்து நாலு வயது. ஒரு பிள்ளையிடம் எழுத்தைப் பற்றிப் பேசி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் அவருக்கு.

17 ஆகஸ்ட்
கணக்கு பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டீர்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் இது நிறைய.

முதலில் எண்ணின் பெயர். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் என்ன என்று கேளுங்கள். பாதிப் பிள்ளைகள் நின்றுவிடும். இருபது, முப்பது, நாற்பது, எண்பது என்று வந்த வரிசையில் அடுத்தது பது என்று முடியாமல் "தொண்ணூறு" என்று வருகிறது. நூறு என்ற சத்தம் காதில் விழுகிறது, ஆனால் அது நூறு இல்லை. அதேபோலத் தொள்ளாயிரம். ஆயிரம் என்று கேட்கிறது, ஆனால் ஆயிரம் இல்லை. என்னிடம் ஒரு பெண் தொண்ணூற்றைந்தை 905 என்று எழுதினாள். அவள் காதுக்கு அதுதான் நியாயம். நூற்றைந்தை 1005 என்று எழுதுகிற பிள்ளையும் அப்படித்தான், நூறையும் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டது. "கவனமா எழுது" என்று திட்டினால் அந்தப் பிள்ளைக்கு எதில் கவனம் என்று எப்படித் தெரியும்?

ஈர்க்குச்சியை எடுங்கள். தென்னை நிற்கிற ஊரில் அதற்கு என்ன பஞ்சம். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு. பத்துக் கட்டு சேர்த்தால் ஒரு பெரிய கட்டு, நூறு. தொண்ணூற்றைந்தை எடுத்து வை என்றால் ஒன்பது கட்டும் ஐந்து குச்சியும். பெரிய கட்டு இருக்கா? இல்லை. அப்ப நூறு இடத்துல எதுவும் வராது. அவ்வளவுதான்.

கழித்தலில் 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதுவார்கள். 2-லிருந்து 7 போகாது, அதனால் திருப்பி 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுவார்கள். "பக்கத்து வீட்ல கடன் வாங்கு" என்று நாம் சொல்லிக்கொடுக்கிற பாட்டு பிள்ளைக்கு மந்திரம் மாதிரி. சில நாள் பலிக்கும், சில நாள் பலிக்காது. குச்சியில் பார்த்தால், ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் இருக்கின்றன. ஏழு உதிரி கொடு என்றால் கை தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். யாரும் சொல்ல வேண்டாம். அவிழ்த்த கட்டு திரும்ப வராது, அதனால்தான் ஐந்து நாலாகிறது. இரண்டு வாரம் தாளே வேண்டாம். அவிழ்த்துப் பழகிய கைக்குத் தாளில் போடுவது லேசு.

பெருக்கலுக்குப் பல்லாங்குழி. ஒரு வரிசைக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டால் ஒரு பக்கம் 35, இரண்டு பக்கமும் 70. ஏழாம் வாய்ப்பாட்டை நான் சொல்லித்தரவே இல்லை, அவர்களே எண்ணிக் கண்டுபிடித்தார்கள்.

பின்னம்தான் எங்களுக்கு இழுத்தது. அது ஒரு தாத்தாவால் சரியானது. பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர் வாசலில் நின்றபடியே, "இருவதுல ஒண்ணுன்னா என்னன்னு கேளு, நம்ம மாதானே" என்றார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பழைய தமிழ்க் கணக்கில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு. இருபது மா ஒரு வேலி. நிலத்தை அளந்தவர்கள் பின்னத்தின் பெயரையே நிலத்துக்கு வைத்திருக்கிறார்கள். நாம் தினம் சொல்கிற சொல். "ஒங்க தாத்தாவுக்கு அஞ்சு மா இருந்தா வேலில எத்தன பங்கு?" என்று கேட்டேன். கால் பங்கு என்று மூன்று பேர் சொன்னார்கள். மூன்று மா ஒரு ஏக்கர் என்று தாத்தா சேர்த்துக்கொண்டார்.

19 ஆகஸ்ட்
ஒரு திருத்தம். "மூன்று மா ஒரு ஏக்கர்" என்பது வாய்க்கணக்கு. வலங்கைமான் தம்பி சரியாகச் சுட்டியிருக்கிறார். நூறு குழி ஒரு மா, குழிக்கு 144 சதுர அடி, ஆக மாவுக்கு 14,400 சதுர அடி. அது ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மா 99 சென்ட். வேலிக்கு 6 ஏக்கர் 60 சென்ட். இதைப் பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்தேன். ஒரு சென்ட் எங்கே போச்சு என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. "அது வரப்பு" என்று முடிவு செய்தார்கள்.

14 செப்டம்பர்
காலாண்டு வருகிறது. உங்களிடமும் பெற்றோர்கள் வந்து வீட்டுப்பாடம் முடித்து அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள் இல்லையா? என்னிடமும் கேட்கிறார்கள்.

என் மகனை முன்பு டவுனில் ஒரு ட்யூஷனுக்கு அனுப்பினேன். ஒரு ஹாலில் நாற்பது பிள்ளைகள். ஒரு அக்கா போர்டில் பதிலை எழுதுவார், இவர்கள் பார்த்து எழுதுவார்கள். நோட்டு அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஒரு வருஷம் அந்த நோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவன் எழுதியிருந்த ஒரு பதிலை வாசிக்கச் சொன்ன அன்றைக்குத்தான் வயிற்றில் புளி கரைத்தது. நான் இன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்கு அந்த நோட்டும் ஒரு காரணம்.

பெற்றோருக்கு நான் சொல்வது: கடைசிப் பத்து நிமிஷம் வீட்டுப்பாடத்துக்கு. முந்தைய எண்பது நிமிஷம் எனக்கு. பிடிக்காமல் ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

கட்டணம் பற்றிக் கேட்டவருக்கு: வாங்குவதில்லை. சாக்பீஸ், நோட்டு, கொசுவர்த்திச் செலவு இருக்கிறது. ஒரு அம்மா தினம் ஒரு செம்பு மோர் கொடுத்தனுப்புகிறார், ஆறு பேரும் குடிக்கிறோம்.

26 அக்டோபர்
மழை. நாலு நாளாக வகுப்பு இல்லை. திண்ணையில் சாரல் அடிக்கிறது, மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது, தெருவில் பூச்சிபொட்டு. ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் மாலை வகுப்பு தடையில்லாமல் நடக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். நாலு வரிக் கதை. வீட்டில் மூன்று பேரிடம் வாசித்துக் காட்டி, கேட்டவர்கள் அதில் ஒரு கோடு போட வேண்டும். எழுதத் தெரியாதவரும் கோடு போடலாம்.

2 நவம்பர்
ஒரு தாளில் பதினோரு கோடு வந்திருக்கிறது. டீக்கடையில் வாசித்தாளாம்.

7 டிசம்பர்
மழைக்கு அப்புறம் நாலு பேர்தான் வருகிறார்கள். ஒரு வீட்டில் சம்பா முழுக்கத் தண்ணீரில் நின்று அழுகிவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளையை அம்மா ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வாசிப்பு நிலை என்னவாக இருந்தாலும், வயிற்றுப்பாட்டுக்கு முன்னால் நான் போய் நின்று என்ன சொல்ல முடியும். பொங்கலுக்குள் திரும்பிவிடுவாள் என்கிறார்கள்.

இரண்டு இடம் காலி என்று இன்னும் யாரையும் சேர்க்கவில்லை.

21 டிசம்பர்
நீங்கள் பதினொரு பேரை வைத்து நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். வாசலில் வந்து நிற்கிற பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை என்கிறீர்கள். ஜூனில் நான் எழுதியதைப் பார்த்து உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வந்திருந்தால் என்னை மன்னியுங்கள் ஐயா. ஆறு என்று நான் கறாராக எழுதினேன். இப்போது யோசித்தால், எண்ணிக்கையில் இவ்வளவு பிடிவாதம் வேண்டாமோ என்று தோன்றுகிறது. ஒவ்வொரு பிள்ளையின் தனிக் குரலையும் தினமும் ஒருவர் கேட்கிறாரா என்பதுதான் விஷயம். உங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். பதினொன்றை ஐந்தும் ஆறுமாகப் பிரித்து ஒருவர் வாசிப்பு, ஒருவர் கணக்கு என்று எடுத்துப் பாதி நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான், மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1790-களில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்கள் காப்பகத்தில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதே மாதிரி பிள்ளைகளை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அது மெட்ராஸ் முறை என்று இங்கிலாந்து வரைக்கும் போனது. நானும் செய்து பார்த்தேன். பாதிதான் வேலை செய்தது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், ஆனால் திக்குகிற பிள்ளைக்குப் பொறுமையாகக் காத்திருக்க ஒன்பது வயதுக்கு வராது. மூன்றாம் எழுத்திலேயே தானே சொல்லிவிடும். ஐந்து விரலை மடக்கி எண்ணி முடிக்கும்வரை சொல்லக் கூடாது என்று வைத்தோம். இப்போது பரவாயில்லை.

18 ஜனவரி 2026
அம்மா ஊருக்குப் போன பிள்ளை வந்துவிட்டாள். மறந்திருப்பாள் என்று பயந்தேன். அங்கே பெரியம்மா பிள்ளைக்கு இவள் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாளாம், மணலில்.

1 பிப்ரவரி 2026
நேற்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அந்தத் தூண்டில் பையனையும் பார்த்தேன். இப்போது ஐந்தாவது. அவன் அப்பா போர்டைக் காட்டி என்ன போட்டிருக்கு என்று கேட்டிருக்கிறார். சன்ன ரகம் குவிண்டால் 2545 ரூபாய் என்று வாசித்தானாம். நான் போன நேரத்தில் தரையில் குச்சியால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நூறு கிலோவுக்கு 2545, பத்துக் கிலோவுக்கு 254 ரூபாய் ஐம்பது காசு, மூட்டை நாற்பது கிலோ, நாலு தடவை கூட்டினால் 1018. பெருக்கவில்லை, நாலு தடவை கூட்டினான். கூட்டட்டும். "நம்மளுது எத்தன மூட்டப்பா?" என்று கேட்டான். 63 மூட்டை. அதைப் பெருக்க வரவில்லை. இரண்டு தடவை அழித்து எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை அஞ்சே முக்காலுக்கு அதைத்தான் எடுக்கப் போகிறோம்.

ஜூலையில் "எழுத்து தெரியும், வாசிக்க வரவில்லை" என்று எழுதினீர்களே, அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள்? அதற்கப்புறம் நீங்கள் அவர்களைப் பற்றி எழுதவே இல்லை.